நான் தைத்த மருந்துப் பை

தம்பி, இதை பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. ஆபீசில் வைத்தும் படிக்காதே. வீட்டுக்குப் போய், முகம் கைகால் கழுவி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் படி. 'அம்மா என்ன புதுசா லெட்டர் எல்லாம் எழுதுறாங்க, போன் கெட்டுப்போச்சா' என்று நீ நினைப்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்வதற்கென்றே இந்த வாரத்தில் நாலு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நாலு தடவையும் 'சாப்பிட்டியாடா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் கட்டிப்போகிறது. பேப்பர் திருப்பிப் பேசாது என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுகந்தி போன் செய்தாள். தை மாதம் உனக்கு மனைவியாக வரப்போகிற பெண், கல்யாணத்துக்கு என் கையால் என்ன செய்து தரட்டும் என்று நான் கேட்டு வைத்திருந்ததற்குப் பதில் சொல்லத்தான் கூப்பிட்டாள். "அத்தை, நீங்க மாமாவுக்கு ஒரு மருந்துப் பை செஞ்சு குடுத்தீங்களாமே, சுவர்ல தொங்கவிடுற மாதிரி, கிழமைக்குக் கிழமை தனித்தனிப் பாக்கெட் வெச்சு. அதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டுக்கும் செஞ்சு குடுங்க" என்றாள். "அது எதுக்கும்மா, வளையல் ஸ்டாண்டு செஞ்சு தர்றேன், சாவி மாட்டுற பலகை செஞ்சு தர்றேன்" என்று மழுப்பினேன். "இல்ல அத்தை, அவருதான் கேட்டாரு. எங்கம்மா எல்லாத்தையும் அவ்வளவு சரியா அடுக்கி வெச்சிருந்தாங்க, நான்தான் பார்க்காம தப்பான மருந்த அனுப்பி எங்கப்பாவக் கொன்னுட்டேன்னு சொல்லி அழறாரு" என்றாள். போன மாதம் தனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ மருந்துக்கடை வாசல் வரை போய், உள்ளே போக முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாய் என்றும் சொன்னாள். பாவம், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை நீ கொல்லவில்லை. நீ அனுப்பியது சரியான மருந்து. தப்பு நடந்தது என் கையில். இது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே, நீ அழுததையும் இளைத்ததையும் ஊருக்கு வராமல் தட்டிக்கழித்ததையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான். அதையும் முழுசாகச் சொல்லாவிட்டால், அம்மா உனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாய். அப்படி நினைக்கக்கூடியவன்தான் நீ.

கல்யாணமாகி நான் இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்தபோது உன் அப்பாவுக்கு ரங்கத் என்கிற ஊரில் வேலை. அரசாங்க குவார்ட்டர்ஸ், இரண்டு அறை. அங்கே கரண்டி மாட்டுவதற்கு ஒரு ஆணி கிடையாது. கடையில் கேட்டால், 'அகலா ஜஹாஜ் மே ஆயேகா' என்பார்கள். அடுத்த கப்பலில் வரும். அடுத்த கப்பலில் உப்பும் பருப்பும் சிமெண்டும் வரும், கரண்டி ஸ்டாண்டு வராது. அதனால் பால் பவுடர் டப்பாவை வெட்டி, விளிம்பை மடக்கி, சாக்கு நூல் சுற்றி நானே ஒன்று செய்தேன். பிறகு சோப்பு வைக்க, சீப்பு வைக்க, உன் அப்பாவின் ஆபீஸ் பேனாக்கள் வைக்க. மெயின்லேண்டில் இருப்பவர்கள் ஒரு டப்பா காலியானால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடல் தாண்டி வந்த டப்பாவைத் தூக்கிப் போட எங்களுக்கு மனசு வராது. ஆரம்பத்தில் அது தேவை. பிறகு அது பழக்கம். கடைசியில் அது கர்வம் ஆகிவிட்டது, அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

நீ பத்தாவது படிக்கும்போது உன் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டு காணாமல் போனது நினைவிருக்கிறதா? கூரை ஒழுகி நனைந்துவிட்டது, காயவைத்தபோது மாடு தின்றுவிட்டது என்று நான் சொன்னேன். நீ வாத்தியாரிடம் திட்டு வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினாய். மாடு ஒன்றும் தின்னவில்லை. அதன் கெட்டி அட்டையைப் பார்த்ததும் எனக்குக் கை ஊறியது. பழைய நோட்டு என்று நினைத்து வெட்டி, பேப்பர் வைக்கிற தட்டு செய்துவிட்டேன். உன் அப்பாவுக்குத் தெரியும். "புள்ளகிட்ட உள்ளதச் சொல்லிருடி, அவன் என்ன கடிச்சா தின்னுருவான்?" என்றார். நான் சொல்லவில்லை. "இவ கைக்கு ஆப்புட்டா என்னையும் வெட்டி பேனா ஸ்டாண்டு ஆக்கிருவா" என்று அவர் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரிடம் சொல்லிச் சிரித்ததோடு அது முடிந்துபோனது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அன்றைக்கே எனக்கு அந்தக் குணம் இருந்திருக்கிறது. தப்பைச் செய்வேன், பழியை மழை மேலும் மாட்டு மேலும் போடுவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் உன்னை நிறுத்தினேன்.

அப்பா ரிட்டயர் ஆகி, லம்பா லைன் பக்கம் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் கைவேலைக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. வருஷா வருஷம் இங்கே நடக்கிற கண்காட்சியில் என் ஸ்டாண்டுகளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் வீட்டுக்கே வந்து கற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்ததால் மாத்திரைகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் குப்பை போலக் கிடக்கும். அதற்குத்தான் அந்தப் பை. நீ விட்டுப்போன நீல ஜீன்ஸை வெட்டி, பின்னால் அட்டை கொடுத்து, ஏழு கிழமைக்கு ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பாக்கெட், முன்பக்கம் தண்ணீர் பாட்டிலை வெட்டி ஜன்னல் மாதிரி வைத்துத் தைத்தேன். இடது பக்கம் சர்க்கரை மாத்திரை, வலது பக்கம் பிரஷர் மாத்திரை. நாம் பௌதி என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுப் பெங்காலி அண்ணி பார்த்துவிட்டு, "அரே தீதி, க்யா சுந்தர் பனாயா!", அக்கா எவ்வளவு அழகு என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நீயும் போட்டோ பார்த்துவிட்டு, 'அம்மா, இதுக்கே உனக்கு அவார்டு குடுக்கணும்' என்று அனுப்பினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறை. மாத்திரை அட்டை பாக்கெட்டுக்குள் அடங்கவில்லை. நீட்டிக்கொண்டு நின்றது, பார்க்க அசிங்கமாக இருந்தது. அந்த வாரம்தான் நீ சென்னையிலிருந்து தெரிந்தவர் ஒருவரின் கையில் பிரஷர் மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தாய். இங்கே அப்பாவின் வழக்கமான மாத்திரை கிடைக்கவில்லை. 'வேற கம்பெனிதாம்மா, மருந்து ஒண்ணுதான், கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்' என்று சொல்லியிருந்தாய். சர்க்கரை மாத்திரையோ வீட்டில் இரண்டு பங்கு இருந்தது. கப்பல் எப்போது வரும் எப்போது வராது என்று தெரியாத ஊரில், எது கிடைக்கிறதோ அதை இரண்டு பங்கு வாங்கி வைப்பது நம் வழக்கம்தானே. ஒரு மத்தியானம் தரையில் பேப்பர் விரித்து எல்லா அட்டையையும் கத்தரிக்கோலால் மாத்திரை மாத்திரையாக வெட்டினேன். மூன்று குவியல். இரண்டு சர்க்கரை, ஒன்று பிரஷர். எல்லாம் சின்ன வெள்ளை மாத்திரை, எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளித்தாள். துண்டு துண்டாக வெட்டியதில் ஒன்றிலும் முழுப்பெயர் இல்லை. அட்டையில் மிச்சமிருந்த ஓரத்து வெள்ளித்தாளைக்கூட விடவில்லை, பூவாக வெட்டிப் பையின் நாலு மூலையிலும் ஒட்டினேன்.

நடுவில் பௌதி கூப்பிட்டாள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எந்தக் குவியல் எது என்று எனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. தம்பி, இதை நீ நன்றாகப் படி. சந்தேகம் வந்தது. அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிட்டு, 'இதில் எதுங்க பிரஷர் மாத்திரை' என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'பைய அழகா தைச்சுட்டு மருந்தக் கலக்கிட்டியா' என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு பயந்து, இதுதான் என்று நானே முடிவு செய்து பாக்கெட்டில் போட்டேன். இரண்டு பக்கமும் சர்க்கரை மாத்திரை போய்விட்டது. நீ அனுப்பியதை, மிச்சமான சர்க்கரை மாத்திரை என்று நினைத்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மேலே எடுத்து வைத்தேன்.

ஒன்பது நாள் அப்படிக் கொடுத்தேன். காலையில் இடது பாக்கெட்டிலிருந்து ஒன்று, வலது பாக்கெட்டிலிருந்து ஒன்று. மூன்றாம் நாளே, "கை நடுங்குதுடி, வேர்த்து வேர்த்து ஊத்துது" என்றார். மழை விட்ட புழுக்கம் என்றேன். பசிக்கிறது, பசிக்கிறது என்று சின்னப் பிள்ளை போல அடுக்களைக்கு வந்து நின்றார். சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, டீயில் போடுகிற அரை ஸ்பூன் சர்க்கரையையும் நிறுத்தினேன். அவர் கேட்டது உயிரை, நான் மறுத்தது அரை ஸ்பூன் சர்க்கரை. இதை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு டம்ளர் டீ குடித்ததில்லை.

பத்தாம் நாள் புரட்டாசி சனிக்கிழமை. குளித்து, நாமம் இட்டு, மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு என்று கட்டிலில் சாய்ந்தார். எனக்குக் கண்காட்சிக்குக் கொடுக்க ஒரு ஸ்டாண்டு பாக்கி இருந்தது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஏதோ முனகினார். "என்னங்க?" என்றேன். குழறலாக மறுபடி ஏதோ சொன்னார். "இருங்க, இப்ப விட்டா பிரிஞ்சுரும், பசை காயட்டும், வந்துர்றேன்" என்றேன். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்தம் இல்லை. விரதக் களைப்பில் தூங்குகிறார் என்று நினைத்தேன். சாதம் வடித்து, வடைக்கு மாவு அரைத்து, இலை போட்டுவிட்டுத்தான் எழுப்பப் போனேன். உடம்பெல்லாம் ஈரம். எழுப்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார். "தவா கௌன் ஸா சல் ரஹா தா? பத்தா திகாவோ" என்று கேட்டார். என்ன மருந்து சாப்பிட்டார், அட்டையைக் காட்டு என்று. என்னிடம் அட்டை ஏது? அது பூவாகிச் சுவரில் ஒட்டியிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "பேட்டா மெயின்லேண்ட் ஸே பேஜா, சாப். நயா கம்பெனி." மகன் அனுப்பியது, புதுக் கம்பெனி. நான் சொன்னது அவ்வளவுதான். அது பொய்கூட இல்லை. ஆனால் டாக்டர் தலையாட்டினார், கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நீ மறுநாள் வந்து இறங்குவதற்குள் உறவுக்காரர் ஒருவர் அதை உன்னிடம் போனிலேயே சொல்லிவிட்டார். சென்னைக் கடைக்காரன் ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டான், பையன் பார்க்காமல் அனுப்பிவிட்டான் என்று. நீ வந்தபோது அப்பா போய்விட்டார். நேராக என் காலடியில் வந்து விழுந்து, "நான் பேரப் படிச்சுப் பாக்கலம்மா, கடைக்காரன் சொன்னத நம்பிட்டேம்மா" என்று கதறினாய். உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கும் உண்மை தெரியாது, அதனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்னை மன்னிக்கலாம்.

காரியம் எல்லாம் முடிந்து நீ சென்னைக்குப் போன பிறகு, பிஸ்கட் டின்னில் இருந்ததை பௌதியிடம் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, வீணாகப் போவானேன் என்று. சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தாள். அவள் மருமகள் நர்ஸ் இல்லையா, பார்த்துவிட்டாளாம். "தீதி, யே சுகர் கா நஹி ஹை, பிரஷர் கா ஹை" என்றாள். இது சர்க்கரைக்கு இல்லை, பிரஷருக்கு என்று. ஒரு துண்டில் பெயரின் முன்பாதி ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள். அதை வாங்கி வைத்துக்கொண்டு, "அச்சா, கல்த்தி ஹோ கயா" என்று சிரித்தேன். தப்பு நடந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன் தம்பி. அவள் போன பிறகு டின்னைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். நீ அனுப்பிய முப்பதும் அப்படியே இருந்தது.

அன்றே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். முப்பதாம் நாள் முடியட்டும், வருஷாப்திகம் முடியட்டும், உனக்கு ஒரு பெண் அமையட்டும் என்று தள்ளிப் போட்டேன். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. புருஷன் போய்விட்டான், பிள்ளையும் போய்விட்டால் இந்தத் தீவில் எனக்கு யார் என்று நினைத்தேன். உன்னைக் குற்றவாளியாக வைத்திருந்தால்தான் நீ எனக்குப் பிள்ளையாக இருப்பாய் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கக் கூசி நீதான் வராமல் இருந்தாய். கத்தரிக்கோலை நான் கீழே வைத்துவிட்டேன் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கை சும்மா இருந்தால் நினைப்பு வருகிறது என்று முன்பைவிட அதிகமாகச் செய்தேன். வீடு முழுக்க ஸ்டாண்டும் கூடையும் டப்பாவும். அவற்றில் வைக்க எனக்கு ஒரு பொருளும் இல்லை, வைக்கச் சொல்லிக் கேட்க ஒரு ஆளும் இல்லை.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாமல் எந்தத் தாயும் விடமாட்டாள். நான் சொல்ல என்ன யோக்கியதை? ஆனாலும் சொல்கிறேன். சுகந்தி முன்னால் கெட்டிக்காரனாக இருக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அந்த நொடியே கேள். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். உடைத்தால் உடைத்தேன் என்று அன்றைக்கே சொல். என்னைச் சிரித்தே மன்னித்திருக்கக்கூடிய ஒரு மனுஷனோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். அவருடைய சிரிப்புக்கு பயந்துதான் அவரை இழந்தேன்.

சுகந்தியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம் வரவில்லை, தபாலில் தொலைந்திருக்கும் என்று பின்னால் நான் தப்பித்துக்கொள்ளாமல் இருக்கத்தான். என்னை நான் நம்புவதில்லை. "அவருகிட்ட இத நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்கதான் சொல்லணும். ஆனா சொல்லாம மட்டும் விட்டுராதீங்க" என்றாள். நல்ல பெண். கல்யாணத்துக்கு நான் கப்பலிலும் இடம் போடவில்லை, பிளைட்டிலும் போடவில்லை. நான் வரலாமா கூடாதா என்பது உன் வாயில் இருக்கிறது. கூடாது என்று நீ சொன்னால் அது சரியான பதில்தான், அதற்காக நீ வருத்தப்படவும் கூடாது. பதிலே சொல்லாமல் விட்டாலும் நான் புரிந்துகொள்வேன். எனக்கு வயதாகிறது, இனி இதைச் சரிசெய்ய ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்தை உன்னிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்த ஒன்பது நாளும், பத்தாம் நாள் காலையிலும், வலது பாக்கெட்டிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் உன் அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எம்புள்ள அனுப்பிச்சது" என்று சொல்லித்தான் வாயில் போடுவார். கை நடுங்கிக்கொண்டிருந்த நாட்களிலும் அதைச் சொல்லாமல் விழுங்கியதில்லை. அது நீ அனுப்பியது இல்லை தம்பி. நீ அனுப்பியதில் ஒன்றைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

அம்மா